வெறும் சேஸை லாரியாக்கிய ஊருக்கு இது பெரிதா?

ஓசூரிலிருந்து சேலம் வழியாக நாமக்கல்லுக்கு வரும் நெடுஞ்சாலையில் அதைப் பார்க்காதவர் நம் பக்கத்தில் யாரும் இருக்க முடியாது. கேபின் இல்லை, கதவு இல்லை, கூரை இல்லை. முன்னால் ஒரு முகப்பு, அதன் பின்னே எஞ்சின், நீண்டு கிடக்கும் இரண்டு இரும்புச் சட்டங்கள், கீழே சக்கரங்கள். தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் எதிர்காற்றிலும் உட்கார்ந்து ஒருவர் அந்தச் சேஸை ஓட்டி வருவார். அது நாமக்கல்லில் ஏதோ ஒரு பட்டறைக்குள் நுழையும். தச்சர், வெல்டர், டிங்கர், வயரிங் செய்பவர், சீட் தைப்பவர், பெயின்டர் என்று பத்துப் பேர் கை அதன்மேல் படும். சில வாரங்கள் கழித்து, நெற்றியில் குலதெய்வத்தின் பெயரோடு அது லாரியாக வெளியே வரும். அதை நம்பி டன் கணக்கில் பாரம் ஏற்றி, காஷ்மீர் வரைக்கும் போய் வருகிறார்கள்.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இதைச் செய்துகொண்டிருக்கும் ஊர் இது. பக்கத்தில் திருச்செங்கோடு. லாரியின் முதுகில் கம்ப்ரஸரையும் துளைபோடும் கோபுரத்தையும் ஏற்றி ரிக் வண்டியாக மாற்றி, இந்தியா முழுவதும் போர்வெல் போட்ட ஊர். ஒரு வண்டியை இன்னொரு வண்டியாக மாற்றுவதுதான் இந்த மண்ணின் தொழிலே.

அப்படிப்பட்ட மண்ணில் பிறந்த ஒரு பையன், வீட்டு வாசலில் நிற்கும் பழைய பெட்ரோல் வண்டியைக் காட்டி, "இதை எலக்ட்ரிக்கா மாத்தறதெல்லாம் நம்மால ஆகுமுங்களா?" என்று கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவன்மேல் வரும் கோபம் அல்ல. அவன் காதில் இருபது வருடமாக ஓதப்பட்ட பொய்யின்மேல் வரும் கோபம். பெரிய கம்பெனி, பெரிய படிப்பு, பெரிய முதலீடு என்று சொல்லிச் சொல்லி, ஸ்பேனர் பிடித்த கையைச் சின்னக் கை என்று அவனையே நம்ப வைத்துவிட்ட பொய் அது.

தம்பி, கொஞ்சம் உட்கார். மின் வாகனத்தின் கதை எங்கே தொடங்கியது என்று சொல்கிறேன்.

அமெரிக்காவில் வெர்மான்ட் என்ற மாநிலத்தில் தாமஸ் டேவன்போர்ட் என்று ஒரு கொல்லர் இருந்தார். 1802-ல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு சொற்பம். இரும்புத் தாதுவைப் பிரிக்க ஒரு சுரங்கத்தில் மின்காந்தம் பயன்படுவதைக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார். காசைத் திரட்டி ஒரு மின்காந்தத்தை விலைக்கு வாங்கி வந்தார். வந்ததும் செய்த முதல் வேலை, அதைப் பிரித்துப் போட்டதுதான். எத்தனை சுற்று, எந்தப் பக்கம் சுற்று என்று மனைவி எமிலி குறித்துக்கொண்டே வந்தாராம். கம்பிக்கு உறை வேண்டியிருந்தது. எமிலி தன் கல்யாணப் பட்டு உடையைக் கிழித்துக் கொடுத்தார் என்று சொல்வார்கள். 1834-ல் அந்தக் கொல்லுப் பட்டறையில் மோட்டார் சுற்றியது. 1837-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. மின் மோட்டாருக்கு அமெரிக்கா தந்த முதல் காப்புரிமை, லாடம் அடித்த ஒரு கைக்குப் போனது!

இன்னொன்றும் கேள். 1881-ல் பாரிஸ் நகரத் தெருவில் குஸ்தாவ் த்ரூவே என்பவர் மின்சாரத்தில் ஓடும் மூன்று சக்கர வண்டியை ஓட்டிக் காட்டினார். அந்த வண்டியை அவர் புதிதாகச் செய்யவில்லை. இங்கிலாந்தில் செய்த ஒரு மிதி வண்டியை எடுத்தார், சீமென்ஸ் மோட்டாரைப் பொருத்தினார், மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரியை வைத்தார். ஓட்டினார். மின் வாகன வரலாற்றின் முதல் பக்கத்திலேயே, இருந்த வண்டியை மாற்றியவன்தான் இருக்கிறான்.

நம் கொங்கு மண்ணுக்கு வா. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஜி.டி. நாயுடு, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோயம்புத்தூரில் ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் பாகம் பாகமாகக் கழற்றி மாட்டித் தொழில் படித்தார். அதே கை 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே செய்த மின் மோட்டாரைக் கோவையில் கொண்டு வந்தது. பெட்ரோல் எஞ்சினில் தொடங்கி மின் மோட்டாரில் போய் நின்ற வழி நமக்குப் புதிது இல்லை.

யாழ்ப்பாணத்தை நினைத்துப் பார். 1990-களின் முதல் பாதியில், போர்க்காலப் பொருளாதாரத் தடையில், அங்கே பெட்ரோல் கிடைக்கவில்லை. மின்சாரமும் இல்லை. அங்கிருந்த மெக்கானிக்குகள் வண்டியை மூலையில் தள்ளிவிட்டு உட்காரவில்லை. சில சொட்டுப் பெட்ரோலில் எஞ்சினைக் கிளப்பி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, பழைய மோட்டார் சைக்கிள்களையும் கார்களையும் ஓட வைத்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து ரேடியோ கேட்டார்கள். அவர்களிடம் வண்டியை மாற்றும் பாகமெல்லாம் ஒன்றாக வரும் கிட்டும் இல்லை, யூடியூபும் இல்லை, கூரியரும் இல்லை. குண்டுகளுக்கு நடுவில் நம் இனத்துக் கை செய்ததை, நிழலில் உட்கார்ந்து, எல்லா உதிரிப் பாகமும் வீடு தேடி வரும் காலத்தில், நீ செய்ய முடியாதா?

முடியும். அதற்கு என்ன தெரிய வேண்டும் என்று பார்ப்போம்.

பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிப் பார்த்தவனுக்குத் தெரியும், அதற்குள் எத்தனை சாமான் என்று. பிஸ்டன், ரிங், வால்வு, கேம், டைமிங் செயின், கார்புரேட்டர், கிளட்ச் பிளேட். ஒவ்வொன்றும் ஒன்றோடு ஒன்று நேரம் தவறாமல் சேர வேண்டும். அந்தச் சிக்கலைச் சத்தம் கேட்டே கண்டுபிடிக்கிறவர்கள் நம் மெக்கானிக்குகள். மின் வண்டியில் சுற்றுகிற பொருள் ஒன்றே ஒன்று: மோட்டார். அதை ஆட்டிவைக்க ஒரு கன்ட்ரோலர். ஆற்றலுக்குப் பேட்டரி. அந்தப் பேட்டரியைக் காவல் காக்க பி.எம்.எஸ். ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் 12 வோல்ட் தர ஒரு கன்வெர்ட்டர். ஒரு திராட்டில், ஒரு ஃபியூஸ், ஒரு எம்.சி.பி., ஒரு சார்ஜர். கஷ்டமானதைக் கற்றுக்கொண்டவன் எளிதானதைக் கண்டு பயப்படுகிறான். இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கணக்கும் நாலாம் வகுப்புக் கணக்குத்தான். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 2,000 வாட் வேண்டுமா? 48 வோல்ட் பேட்டரியில் சுமார் 42 ஆம்பியர் ஓடும். 72 வோல்ட்டில் அதே வேலைக்கு 28 ஆம்பியர் போதும். ஆம்பியர் ஒன்றரை மடங்கு ஏறினால், அதே கம்பியில் சூடு இரண்டே கால் மடங்கு ஏறும். கம்பி ஏன் உருகுகிறது, கனெக்டர் ஏன் கருகுகிறது என்பதற்கான பாதி விடை இந்த ஒரு வரியில் இருக்கிறது. 72 வோல்ட், 30 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் ஏறக்குறைய இரண்டு யூனிட் மின்சாரம். சின்ன வண்டி ஒன்று கிலோமீட்டருக்கு 30 வாட் மணி அளவில் தின்னும். அறுபது, எழுபது கிலோமீட்டர் தூரம். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் சந்தைக்குப் போய்த் திரும்பி வந்த பிறகும் பேட்டரியில் மிச்சம் இருக்கும்.

ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் சுமார் 9 யூனிட்டுக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. அதில் பெரும்பகுதி சூடாகவும் புகையாகவும் போய்விடுகிறது. சக்கரத்துக்கு வந்து சேர்வது கால் பங்குகூடத் தேறாது. மோட்டாரோ, கொடுத்த மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சுழற்சியாகவே திருப்பித் தருகிறது. லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு, நூறு ரூபாய் பெட்ரோல் கணக்கில் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய். மின்சாரத்தில், சார்ஜர் இழப்பையும் சேர்த்து, முப்பது பைசாவைச் சுற்றித்தான் வரும். பேட்டரி விலை கனம்தான். அதையும் கணக்கில் எழுது. எழுதிப் பார்த்துவிட்டுப் பேசு. பேப்பரில் எழுதாமல் "கட்டுபடியாகாது" என்று சொல்கிறவன் பேச்சை மட்டும் கேட்காதே.

இப்போது வண்டிக்குக் கிட்டே வா. பால் கேனும் முட்டை அட்டையும் சுமந்து தேய்ந்த ஒரு பழைய மொபெட். பின்சக்கரத்துக்குப் பதிலாக ஹப் மோட்டார் சக்கரத்தைப் போடுகிறாய். இந்த மோட்டாரில் அச்சு சுற்றாது. அச்சைச் சுற்றிச் சக்கரம்தான் சுற்றும். நீ திராட்டிலைத் திருகும்போது சக்கரம் முன்னால் பாயும், அதே விசையில் அச்சு பின்னால் திரும்பப் பார்க்கும். அந்த அச்சின் நடுத் துளை வழியாகத்தான் மோட்டாரின் கம்பிகள் வெளியே வருகின்றன: மூன்று தடித்த ஃபேஸ் கம்பிகள், கூடவே சக்கரம் நிற்கும் நிலையைச் சொல்லும் ஹால் சென்சாரின் மெல்லிய கம்பிகள். நட்டு கொஞ்சம் தளர்ந்தால் போதும். அச்சு ஒரு சுற்றுச் சுற்றி எல்லாக் கம்பியையும் முறுக்கி அறுத்துவிடும். கிட் வாங்கிப் பொருத்திய எத்தனையோ பேர் இங்கேதான் தோற்கிறார்கள்.

இதற்கு மருந்து என்ன தெரியுமா? டார்க் ஆர்ம் என்று ஒரு இரும்புப் பட்டை. அச்சின் தட்டையான பக்கங்கள் ஆடாமல் உட்காருகிற மாதிரி ஒரு காடி வெட்டி, பட்டையின் மறுமுனையை ஸ்விங் ஆர்மில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். இந்தக் காடியை அரை மில்லி பிசகாமல் ராவி எடுக்க ஆள் எங்கே இருக்கிறான்? நாமக்கல்லில் எந்தப் பட்டறைச் சந்துக்குள் போனாலும் இருக்கிறான்! டீ ஆறுவதற்குள் செய்து கையில் கொடுப்பான்.

கார் என்றால் வேலை இன்னும் ருசியானது. பழைய மாருதி 800-ல் எஞ்சினை இறக்கிவிட்டு கியர்பாக்ஸை அப்படியே வைத்துக்கொள்ளலாம். மோட்டாரையும் கியர்பாக்ஸையும் சேர்க்க ஒரு அடாப்டர் பிளேட், இரண்டு தண்டுகளையும் இணைக்க ஒரு கப்ளிங். இரண்டின் நடுக்கோடும் ஒரே நேராக இருக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் பேரிங் அழும், சீல் கிழியும். லேத்தில் டயல் கேஜ் வைத்து ஓட்டம் பார்க்கத் தெரிந்தவனுக்கு இது அன்றாட வேலை. ஆனால் புத்தகம் படித்தவனும் மறந்துவிடுகிற ஒன்று இருக்கிறது. பிரேக் பூஸ்டர் பொருத்திய கார்களில், அந்த பூஸ்டர் எஞ்சின் இழுக்கும் வெற்றிடத்தில்தான் வேலை செய்கிறது. எஞ்சின் போனால் வெற்றிடமும் போயிற்று. பெடல் கல்லாக இறுகும். தனியாக ஒரு மின் வாக்யூம் பம்ப் வைத்தே ஆக வேண்டும். வண்டியை ஓட வைப்பது பாதி வேலை. நிற்க வைப்பதுதான் மீதி. லாரிக்குப் பாடி கட்டுகிறவனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாரத்தோடு தொப்பூர் கணவாய் இறங்குகிற டிரைவரின் உயிர் எதில் தொங்குகிறது என்று அவனுக்குத் தெரியும்.

பேட்டரியைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. 1993-ல் டெல்லி வாகனக் கண்காட்சியில் 'லவ்பேர்ட்' என்ற இரண்டு பேர் உட்காரும் மின் காரை ஒரு நிறுவனம் கொண்டு வந்து நிறுத்தியது. எடி கரன்ட் கன்ட்ரோல்ஸ் என்ற அந்த நிறுவனத்தின் ஆலைகள் கேரளத்துச் சாலக்குடியிலும் நம் கோயம்புத்தூரிலும் இருந்தன. அன்று அந்தக் காருக்குக் கிடைத்தது காரீய அமில பேட்டரி. கனம், குறைந்த தூரம், மேட்டில் மூச்சு வாங்கல். கனவில் குறை இல்லை, பேட்டரியில்தான் குறை. இன்று மொபெட்டுக்குப் பொருத்தமாக வருவது எல்.எஃப்.பி. என்கிற லித்தியம் இரும்பு பாஸ்பேட். இந்த வகைக்கு வேர் போட்ட ஆராய்ச்சியை 1980-களில் டெக்சாஸில் ஜான் குட்இனஃபோடு சேர்ந்து செய்தவர்களில் ஒருவர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டில் ஒரு சிற்றூரில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவரானவர். 2019-ல் குட்இனஃபுக்கு வேதியியல் நோபல் கிடைத்தபோது, ஸ்டாக்ஹோம் மேடையில் அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் அவர்தான். நீ சீட்டுக்கு அடியில் வைக்கப்போகும் பெட்டிக்குள் ஒரு தமிழனின் உழைப்பும் இருக்கிறது. அதைத் தொட நீ ஏன் தயங்க வேண்டும்?

தயங்காதே என்றேன். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதே என்று சொல்லவில்லை. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் இரவில் தீப்பற்றி, புகையில் ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்தச் செய்தியை மறக்கிறவன் இந்த வேலைக்கு வரக்கூடாது. விலை குறைவு என்று பிரித்தெடுத்த பழைய செல்லை வாங்கிக் கட்டாதே. பி.எம்.எஸ். இல்லாத பேட்டரியை வீட்டுக்குள் கொண்டு வராதே. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடு. வேலை செய்யும்போது மோதிரம், கைச்செயின், வாட்ச் மூன்றையும் கழற்றி வை. ஸ்பேனர் கைப்பிடிக்கு இன்சுலேஷன் இருக்கட்டும். படுக்கும் அறையிலும் மாடிப்படிக்குக் கீழும் சார்ஜ் போடவே கூடாது. 72 வோல்ட் டி.சி. விளையாட்டுப் பொருள் அல்ல. முதல் வண்டியை, தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய். கற்றுக்கொள்ள ஒருவரைக் கேட்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறவன் எதையும் கற்கமாட்டான்.

சட்டத்தையும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். பலர் இதைச் சொல்லாமல் மறைத்துவிட்டு வீடியோ போடுகிறார்கள், அது தவறு. வீட்டில் மாற்றிய வண்டியை அப்படியே சாலையில் ஓட்ட முடியாது. அனுமதி இல்லாமல் மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது. இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். ஆனால் அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கிட் பொருத்தி வண்டியை பேட்டரியில் ஓடும்படி மாற்றுவதற்கு, நிபந்தனைகளோடு, கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. ஏ.ஐ.எஸ். 123 என்ற தரவிதிப்படி சோதித்து ஒப்புதல் பெற்ற கிட்டாக இருக்க வேண்டும். அதைப் பொருத்த அங்கீகாரம் பெற்றவர் பொருத்த வேண்டும். பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிய வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

ஆகையால் வழி இரண்டு கட்டம். தோட்டத்துக்குள், கோழிப்பண்ணைக்குள், பட்டறை வளாகத்துக்குள் கற்றுக்கொள். சாலைக்கு வரும்போது ஒப்புதலோடு வா. உன் கனவு இதோடு நிற்கக் கூடாது. ஹைதராபாத்தின் ஈ-ட்ரியோ நிறுவனம் 2019-ல் மாருதி கார்களை மாற்றும் கிட்டுக்கு ஒப்புதல் வாங்கியது. மகாராஷ்டிரத்தில் தாணேயின் கோகோஏ1 நிறுவனம் ஹீரோ ஸ்பிளெண்டருக்கு ஒப்புதல் பெற்ற கிட்டை 2021-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அந்த வரிசையில் நாமக்கல் என்ற பெயர் ஏன் இருக்கக் கூடாது? லாரிகளுக்குப் பாடி கட்டவே தரவிதி வந்தபோது நம் பட்டறைகள் அதைப் படித்தன, மாறின, இன்றும் நிற்கின்றன. வண்டிகளையும் பாகங்களையும் சோதிக்கும் ஜி.ஏ.ஆர்.சி. மையம் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில்தான் இருக்கிறது. சில மணி நேரப் பயணம். மும்பைக்கும் கல்கத்தாவுக்கும் டிரெய்லர் ஓட்டிய ஊருக்கு ஒரகடம் ஒரு தூரமா?

அம்மிணி, உனக்கும்தான் சொல்கிறேன். கிரீஸ் படிகிற வேலை பெண்ணுக்கு ஆகாது என்றவர்கள் வாயடைத்துப் போகும் காலம் இது. 2008-லேயே கோயம்புத்தூரில் ஆம்பியர் என்ற மின் வாகன நிறுவனத்தைத் தொடங்கியவர் ஹேமலதா அண்ணாமலை என்ற பெண். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் டிரேடு எடுத்துப் படி. வயரிங் வரைபடத்தைப் படிக்கிற பொறுமை உனக்கு இருந்தால், இந்தத் துறையில் உன்னை ஒதுக்கிவைக்க யாராலும் முடியாது.

ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின் ஸ்கூட்டர் ஆலைகள் வந்துவிட்டன. நல்லது, வரட்டும். ஆனால் சேலம், நாமக்கல் வீடுகளின் வாசலில் நிற்கிற பழைய பெட்ரோல் வண்டிகளை எந்த ஆலையும் தேடி வராது. அவற்றின் சட்டகம் உறுதியாகத்தான் இருக்கிறது. எஞ்சின் மட்டும்தான் களைத்திருக்கிறது. காயலாங்கடைக்குப் போய்க் கிலோ கணக்கில் எடை போடப்படப் போகும் அந்த வண்டிகள் உன் கைக்குத்தான் காத்திருக்கின்றன.

"ஆகுமுங்களா" என்ற கேள்வியை இன்றோடு விடு. ஒரு நோட்டை எடு. உன் வண்டியின் எடை, தினசரி ஓடும் தூரம், ஏறும் மேடு, சுமக்கும் பாரம், நான்கையும் எழுது. எத்தனை வாட் மோட்டார், எத்தனை ஆம்பியர் மணி பேட்டரி என்று நீயே போட்டுப் பார். பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய், ஒப்புதல் பெற்ற கிட்டுக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டு வா. வீட்டுக்கு வந்து வண்டியின் ஆர்.சி.யைப் பிரித்துப் பார். எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல் என்று அச்சிட்டிருக்கும். சட்டப்படி அந்த வார்த்தையை மாற்ற முடியும். போய் மாற்று.